ஃபைபர் படகின் அவுட்போர்டு எஞ்சின் சூடேறினால்: புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபைபர் படகுக்கு முதன்முறையாக 8 முதல் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம். டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டுக்கும் பொருந்தும். டீசலில் ஓடும் நீண்ட வால் எஞ்சின்களுக்கும் விசைப்படகின் உள் எஞ்சின்களுக்கும் குளிரூட்டும் முறை வேறு. அவற்றுக்கு இதைப் பின்பற்ற வேண்டாம்.

எஞ்சின் சூடேறியதும் பலர் நேராக சிலிண்டர் ஹெட்டைக் கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான கோளாறுகள் தண்ணீர் நுழையும் சல்லடையிலோ, ரப்பர் இம்பெல்லரிலோ, தெர்மோஸ்டாட்டிலோதான் இருக்கும். வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு என்ற வரிசையில் போங்கள்.

தண்ணீர் போகும் வழியை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். புரொப்பல்லருக்குச் சற்று மேலே, கியர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சல்லடை வழியாகக் கடல்நீர் நுழைகிறது. கியர் பெட்டிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் இம்பெல்லர், டிரைவ் ஷாஃப்டோடு சேர்ந்து சுழன்று, நீரை ஒரு மெல்லிய குழாய் வழியே மேலே தள்ளுகிறது. சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றிவந்த நீர், சூடானதும் தெர்மோஸ்டாட் திறக்க, புகையோடு சேர்ந்து கீழே வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பங்கு மட்டும் எஞ்சினின் பின்புறமோ பக்கத்திலோ உள்ள சிறு துளை வழியாகப் பீச்சுகிறது. அதைப் பீச்சுத் துளை என்று சொல்வோம். எஞ்சினின் நாடி பார்ப்பது அங்கேதான்.

1. நடுக்கடலில் சூடேறினால் முதல் ஐந்து நிமிடம்

சிறிய எஞ்சின்கள் பலவற்றில் எச்சரிக்கை மணி கிடையாது. வேகம் தானாகக் குறைவது, பெயின்ட் கருகும் வாசனை, பீச்சுத் துளையில் ஆவி, கைப்பிடியைத் திருகியும் எஞ்சின் இழுக்க மறுப்பது: இவைதான் உங்களுக்கான மணி.

உடனே திராட்டிலைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். பீச்சுத் துளையைப் பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். "கரை பக்கம்தான், போய்விடலாம்" என்று ஓட்டுவதுதான் பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம். தண்ணீர் இல்லாமல் சுழலும் இம்பெல்லர் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருகிவிடும். அதன்பின் சல்லடையைச் சுத்தம் செய்தாலும் பயன் இருக்காது.

நீர்ப்போக்கும் காற்றும் படகைப் பாறையோரமோ அலை உடையும் இடத்துக்கோ இழுக்கும் என்றால் முதலில் நங்கூரம் போடுங்கள். பிறகு எஞ்சினைத் தூக்கி, சல்லடையைப் பாருங்கள். பிளாஸ்டிக் பை, பாசி, வலைத் துண்டு, சொறி (ஜெல்லிமீன்) ஆகியவை ஒட்டியிருக்கும். கையால் எடுத்துவிடுங்கள். புரொப்பல்லரில் தங்கூசி (நைலான் நரம்பு) சுற்றியிருந்தால் அதையும் அறுத்தெடுங்கள். கை வைக்கும் முன், எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சின் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும்.

பீச்சுத் துளையில் உப்பும் மணலும் அடைத்திருக்கலாம். தடித்த தங்கூசியை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு ஆட்டினால் போதும்; தென்னை ஈர்க்கும் உதவும். இரும்புக் கம்பியை விடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் கிழிந்தால் மூடிக்குள்ளேயே உப்புத் தண்ணீர் தெறித்து மின்சுற்று கெடும்.

செய்யக் கூடாதவை இரண்டு. சூடான எஞ்சின் மேல் கடல்நீரை வாரி ஊற்றாதீர்கள், அலுமினிய ஹெட் வளைந்துவிடும் அல்லது வெடிப்பு விடும். சூட்டோடு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாதீர்கள், ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்துவிடும். மூடியைத் திறந்துவைத்து அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிறகு இழுகயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழக்கம்போலச் சுழன்றால் ஸ்டார்ட் செய்து, தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்த்துவிட்டு, குறைந்த வேகத்தில் கரை திரும்பலாம். கயிறு இறுகிப்போயிருந்தால் பலங்கொண்டு இழுக்க வேண்டாம். பக்கத்துப் படகைக் கூப்பிடுங்கள்; ஆபத்தான இடம் என்றால் விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனல் அல்லது கடலோரக் காவல்படையின் 1554.

2. கரையில் முதல் சோதனை: உண்மையிலேயே சூடா?

பீச்சுத் துளையில் தண்ணீர் வரவில்லை என்பதால் மட்டும் எஞ்சின் சூடாக இருக்கிறது என்று ஆகிவிடாது. துளை மட்டும் அடைபட்டிருக்கலாம். நன்றாகப் பீச்சுகிறது என்பதால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கிறது என்றும் ஆகாது. பல எஞ்சின்களில் அந்த நீர் ஹெட்டுக்குப் போகும் முன்பே பிரிந்துவிடுகிறது. ஹெட்டில் உப்பு அடைத்திருந்தாலும் துளை அழகாகப் பீச்சும். புதியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது, பல ஆயிரத்தைக் காப்பாற்றும். பளபளக்கும் வெற்று அலுமினியத்தின் மேல் நேராகப் பிடித்தால் தவறான அளவு காட்டும். ஹெட்டில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதைக் குறிவைத்துப் பாருங்கள். கடல்நீரால் நேரடியாகக் குளிரும் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் சுமார் 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கும். ஹெட் அதைவிடச் சற்று மேலே நிலையாக நின்றால் நலம். 90ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அணைத்துவிடுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால், ஹெட்டின் மேல் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விடுங்கள். மெதுவாகக் காய்ந்தால் பயமில்லை. "சுர்"ரென்று துள்ளினால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது.

இந்தச் சோதனையைத் தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம்மில் செய்ய வேண்டும். புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகட்டுக்கு மேல் நான்கு அங்குலமாவது தண்ணீர் நிற்கட்டும். நியூட்ரலில், குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். சில எஞ்சின்களில் ஹோஸ் மாட்டிக் கழுவத் தனி வாய் இருக்கும். அந்த வாய் வழியாகக் கழுவும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாமா என்று கையேட்டில் பாருங்கள். பல மாடல்களில் கூடாது. நீர் மேலே மட்டும் சுற்றும், கீழே இம்பெல்லர் காய்ந்து ஓடும்.

3. எப்போது சூடேறுகிறது? அதுவே பாதி விடை

மெதுவாக ஓடும்போது சூடேறி, வேகம் கூட்டினால் ஆறுகிறது: இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. குறைந்த சுழற்சியில் நீரைத் தள்ள அதன் இறக்கைகளுக்கு வலுவில்லை.

மெதுவாக ஓடும்போது சரி, முழு வேகத்தில் சூடேறுகிறது: சல்லடை பாதி அடைத்திருக்கிறது, அல்லது உள்வழிகளில் உப்புப் படிந்திருக்கிறது, அல்லது எஞ்சின் உயரமாக மாட்டப்பட்டுக் காற்றை உறிஞ்சுகிறது, அல்லது சுமை அதிகம்.

நன்றாகப் பீச்சுகிறது, ஆனாலும் ஹெட் சுடுகிறது: தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது, அல்லது ஹெட்டில் உப்பு.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஆவியும், பீச்சும் நீரில் குமிழ்களும் வந்து எஞ்சினும் திணறுகிறது: ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கிடம் போங்கள்.

4. காசு செலவாகாத சோதனைகள்

எஞ்சின் மாட்டிய உயரத்தைப் பாருங்கள். அந்தத் தட்டையான தகடு படகின் அடிப்பாகத்துக்குச் சமமாகவோ, ஓரிரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். குட்டை ஷாஃப்ட் எஞ்சின் 15 அங்குலப் பின்பலகைக்கு, நீள ஷாஃப்ட் 20 அங்குலத்துக்கு. உயரமான பலகையில் குட்டை ஷாஃப்டை மாட்டினால், அலையில் படகு ஏறி இறங்கும்போதெல்லாம் சல்லடை வெளியே வந்து காற்றை இழுக்கும்.

எரிபொருளைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் குறைந்தால் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் பிஸ்டன் சூடேறும். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. புது எஞ்சினின் ஆரம்ப ஓட்டத்துக்குப் பல கையேடுகள் 25க்கு 1, அதாவது 40 மில்லி கேட்கும். உங்கள் கையேடு சொல்லும் அளவே முடிவு. பைக்குக்கு ஊற்றும் டூ ஸ்ட்ரோக் ஆயில் வேண்டாம்; டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்ற தரக்குறி உள்ள படகு ஆயிலே வேண்டும்.

பெட்ரோலுக்கு மட்டும் செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டுவது நம் கரையில் சகஜமாக நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் எஞ்சினில் அழுத்தம் குறைவாக அமைத்திருப்பார்கள். பெட்ரோல் எஞ்சினின் உயர் அழுத்தத்தில் மண்ணெண்ணெய் நேரம் தப்பி வெடிக்கும்; "டக் டக்" என்று தட்டும் சத்தம் கேட்கும்; பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். இதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் "சூடேறுது" என்றுதான் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்.

எரிபொருள் ஃபில்டரில் தண்ணீரோ அழுக்கோ இருந்தாலும், குழாய் இணைப்பில் காற்று புகுந்தாலும் கலவை மெலிந்து (காற்று கூடி, எரிபொருள் குறைந்து) சூடு கூடும். ஆறிய எஞ்சினில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப் பழுப்பு நிறம் நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் கலவை மெலிவு. அதில் பளபளக்கும் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருக ஆரம்பித்துவிட்டது, ஓட்டாதீர்கள்.

5. இம்பெல்லர் மாற்றுவது

புதியவருக்கு அரை நாள், பழகியவருக்கு ஒன்றரை மணி நேரம். இம்பெல்லர் மட்டும் மாடலைப் பொறுத்துச் சில நூறு முதல் ஆயிரம் சொச்சம் ரூபாய். உள்லைனர் (இம்பெல்லர் சுழலும் கிண்ணம்), அடித்தகடு, கேஸ்கெட், சாவி (இம்பெல்லரை ஷாஃப்டோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு) எல்லாம் சேர்ந்த பம்ப் கிட் அதைப் போலச் சில மடங்கு. கிட்டாகவே வாங்குங்கள். நம் கரைகளில் அலையைத் தாண்டிப் படகு இறக்கி ஏற்றும்போது மணலும் சிப்பித் தூளும் பம்புக்குள் போய் லைனரைக் கீறிவிடுகின்றன. கீறல் விழுந்த லைனரில் புது இம்பெல்லரைப் போட்டால் சில வாரங்களில் அதுவும் தேயும். "போன மாதம்தான் மாற்றினேன், மறுபடியும் சூடு" என்று வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, லைனரை மாற்றினீர்களா என்பதுதான்.

முதலில் பிளக் வயர்களைக் கழற்றிவிடுங்கள். கியரைக் கையேடு சொல்லும் நிலையில் வையுங்கள். ஷிஃப்ட் ராடின் இணைப்பு நட்டைக் கழற்றும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கியர் பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். பெரும்பாலும் நான்கு இருக்கும், 12 எண் ஸ்பேனர் சேரும். உப்பில் இறுகிய போல்ட்டுக்கு முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள். நீளக் குழாய் மாட்டி முறுக்கினால் தலை உடைந்து, ஐம்பது ரூபாய் போல்ட்டுக்கு லேத் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

கியர் பெட்டி நேராகக் கீழே இறங்கும். பம்ப் மூடியைத் திறந்து, பழைய இம்பெல்லரை எடுத்து இறக்கைகளை எண்ணுங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது மேலே குழாயிலோ தெர்மோஸ்டாட்டிலோ போய் அடைத்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் மூடாதீர்கள். புது இம்பெல்லர் போட்டும் சூடு அடங்காததற்கு இது இன்னொரு பெரிய காரணம்.

ஷாஃப்டில் உள்ள சிறு சாவி விழுந்து மணலில் தொலைந்துபோகும். கீழே ஒரு துணி விரித்துவைத்து வேலை செய்யுங்கள். புது இம்பெல்லரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மூடியைக் கீழே அழுத்தியபடியே டிரைவ் ஷாஃப்டை மேலிருந்து பார்க்க வலப்பக்கமாகச் சுழற்றுங்கள். இறக்கைகள் சுழற்சிக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்து உட்காரும். பிறகு ஒருபோதும் எதிர்ப்பக்கம் சுழற்றாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது தண்ணீர்க் குழாயின் முனை பம்பின் ரப்பர் வளையத்துக்குள் சரியாக இறங்க வேண்டும். விலகி உட்கார்ந்தால் தண்ணீர் பாதி வழியிலேயே கொட்டிவிடும். டிரைவ் ஷாஃப்டின் பற்களில் பக்கவாட்டில் கிரீஸ் தடவுங்கள், தலையில் அப்ப வேண்டாம். முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும். போல்ட்டுகளுக்கும் நீர்புகா கிரீஸ் தடவினால் அடுத்த முறை அழ வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்யும் முன் முன்கியர், நியூட்ரல், பின்கியர் மூன்றும் விழுகின்றனவா என்று புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். அதன்பிறகே பிளக் வயர்.

6. தெர்மோஸ்டாட்

ஹெட்டின் மேல் சிறு மூடிக்கடியில் இருக்கும். எடுத்து, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். அதன்மேல் பொறித்த வெப்பநிலைக்கு அருகே திறக்க ஆரம்பித்து, ஆறும்போது முழுதாக மூட வேண்டும். திறக்கவில்லை என்றால் மாற்றுங்கள். மூடியின் கேஸ்கெட்டும் புதிதாக வேண்டும்.

"அது எதற்கு, எடுத்துப் போடு" என்று சொல்பவர்கள் எல்லாத் துறைமுகத்திலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அது இல்லாத எஞ்சின் குளிர்ந்தே ஓடும், பிளக் கரி பிடிக்கும், எரிபொருள் அதிகம் குடிக்கும். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு இன்னும் மோசம்: போதிய சூடு இல்லாமல் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும்.

7. உப்பும் சுண்ணாம்பும் படிந்திருந்தால்

டிரம்மில் வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடியும் ஓட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். லேசான படிவுக்கு இது போதும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றிச் சுத்தம் செய்கிறவர்கள் உண்டு. உப்போடு சேர்த்து அலுமினியத்தையும் அரித்துவிடும். கெட்டிப்பட்ட படிவுக்கு ஹெட் மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதை அனுபவமுள்ள மெக்கானிக் செய்யட்டும். கழற்றியதும் கேஸ்கெட் புதிது, ஹெட் தளம் நேராக இருக்கிறதா என்ற சோதனை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில் இறுக்குதல்: மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இரட்டை சிலிண்டர் எஞ்சினில் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பழைய சூடு ஏற்கெனவே சேதம் செய்திருக்கிறது.

8. காகிதம், காசு, காலம்

எஞ்சின் எண், பெரும்பாலும் படகில் கவ்வும் தாங்கியில் ஒரு தகட்டில் இருக்கும். பெயின்ட் அடிக்கும்போது அதை மறைத்துவிடாதீர்கள். அந்தத் தகடு, வாங்கிய பில், வாரண்டி அட்டை மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் கேட்கும்போது குதிரைத்திறனை மட்டும் சொன்னால் தவறான இம்பெல்லர் வரும். மாடல் எழுத்துகளோடு எண்ணையும் சொல்லுங்கள்.

இம்பெல்லர் தேயும் பொருள் என்பதால் பெரும்பாலும் வாரண்டியில் சேராது. பராமரிப்புக் குறிப்பு இல்லாவிட்டால் சூட்டால் வந்த சேதத்தையும் ஏற்க மாட்டார்கள். ஒரு சிறு நோட்டில் தேதி, ஓடிய மணி நேரம், மாற்றிய பாகம், பில் எண் எழுதிவாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலை கொடுத்தால் பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

மீன்பிடிப் படகென்றால் பதிவு அரசின் ரியல்கிராஃப்ட் இணையத்தளம் வழியே நடக்கிறது. எஞ்சின் விவரமும் அதில் உண்டு. எஞ்சினையே மாற்ற நேர்ந்தால் உங்கள் பகுதி மீன்வளத்துறை அலுவலகத்தில் பதிவைத் திருத்துங்கள். மானிய எரிபொருள் வாங்குபவர்கள் இதைத் தள்ளிப்போட்டால் சரிபார்ப்பின்போது சிக்குவார்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க ஏறிவிடும்; கைதேர்ந்த ஆட்கள் கிடைப்பது கடினம். மார்ச்சிலேயே உங்கள் இம்பெல்லரைப் பார்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை என்பது குறைந்தபட்சம். முகத்துவாரச் சேற்றிலும் அலைக்கரை மணலிலும் ஓடுகிற எஞ்சினுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் மூடியைக் கழற்றி ஹெட்டின் பெயின்ட்டைப் பாருங்கள். கொப்பளித்தோ பழுப்பேறியோ இருந்தால் அது ஒருமுறை வெந்த எஞ்சின். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் பளிச்சென்று இருந்தாலும் அதே சந்தேகம்தான். கம்ப்ரஷன் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

9. ஒவ்வொரு நாளும்

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் தெர்மோஸ்டாட் திறந்திருக்காது, உப்பு இருக்கும் இடத்துக்கு நல்ல தண்ணீர் போயே இருக்காது. டிரம் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். நான்கு நாள் கழுவிய தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். கழுவியபின் எஞ்சினை நிமிர்ந்த நிலையில் சிறிது நேரம் விட்டுத் தண்ணீரை முழுக்க வடியவிடுங்கள்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு இம்பெல்லர், ஒரு சாவி, இரண்டு பிளக், 10, 12 எண் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், கத்தி, ஒரு முழம் தடித்த தங்கூசி. ரப்பரை வெயிலில் போடாமல் பிளாஸ்டிக் டப்பாவில் மூடிவையுங்கள். வாங்கிப் பல வருடம் ஆகி விறைத்துப்போன இம்பெல்லரை அவசரத்துக்குக்கூட நம்ப முடியாது. விரலால் வளைத்தால் உடனே நிமிர வேண்டும்.

கடலில் இறங்கும்போது, தண்ணீர் இடுப்பளவு ஆழம் வந்தபின் ஸ்டார்ட் செய்து, அலை தாண்டியதும் ஒருமுறை பீச்சுத் துளையைத் திரும்பிப் பாருங்கள்.